எடைக்கு எடை பீர்

சந்திரமௌலி ஜெர்மனிக்கு வந்து இறங்கியபோது ஒல்லியாக இருந்தார் என்று சொன்னால், 1971-ல் அவரைப் பார்த்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய பாஸ்போர்ட்டில் இருந்த படத்தைப் பார்த்த பான் நகரத்துப் போலீஸ்காரர் ஒருவர், இது உங்கள் தம்பியா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

பான் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பிரிவில் மண் ஆராய்ச்சி செய்ய வந்தவர் அவர். சுத்த சைவம். வந்த புதிதில் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் மாமிசம் வேண்டாம் என்று சொன்னார். பரிமாறிய அம்மாள் புரிந்ததுபோல் தலையாட்டி அவரைக்காய் சூப் ஊற்றினாள். அதில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் மிதந்தன. இவர் கரண்டியால் சுட்டிக்காட்டியதும், அது மாமிசம் இல்லை, வாசனைக்குப் போட்டது என்று அவள் விளக்கினாள். மறுநாள் உருளைக்கிழங்கு சாலடிலும் அதே வாசனை. அதற்கு மறுநாள் கோஸ் கறியிலும்.

பசியோடு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அவரிடம், பக்கத்து மேஜைக்காரர் ஒரு தகவல் சொன்னார். இந்த நாட்டில் பீருக்கென்று ஒரு பழைய சட்டம் இருக்கிறது. முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர், நுரைக்க வைக்கும் ஈஸ்ட், இவை தவிர வேறொன்றும் அதில் சேர்க்கக் கூடாது. சந்திரமௌலிக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. இந்த தேசத்தில் சைவம் என்று சர்க்காரே உத்தரவாதம் கொடுக்கும் ஆகாரம் ஒன்றே ஒன்றுதான் என்று அன்று மாலையே தீர்மானத்துக்கு வந்துவிட்டார். ரொட்டி, வெண்ணெய், பீர். பிறகு ரொட்டி, பாலாடைக்கட்டி, பீர். இப்படியே சில வருஷம் போயிற்று.

அவருக்கு இன்னொரு குணமும் இருந்தது. யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. பேராசிரியர் கிளாசை உயர்த்தினால் இவரும் உயர்த்துவார். வாசல் காவல்காரர் பேரன் பிறந்ததற்கு ஊற்றினால் அதையும் குடிப்பார். யார் மனதையும் நோகடிக்காமல் பருத்தார்.

கல்யாணம் ஆகி கிரிஜா வந்து சேர்ந்தாள். திருச்சிக்காரி, பௌதிகம் படித்தவள். அதே பல்கலைக்கழகத்தில் படிகங்களை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துப் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. வீட்டில் ரசமும் கூட்டும் வந்த பிறகு பீர் தானாக நின்றுவிடும் என்று அவள் நினைத்தாள். நிற்கவில்லை. ரசமும் கூட்டும் கூடச் சேர்ந்துகொண்டன.

1971-ம் வருஷம் கோடையில் ஆய்வுக்கூடத்துப் படிக்கட்டில் பாதி ஏறும்போது சந்திரமௌலிக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டின் கட்டடக் கலையை ரசிப்பதுபோல் நின்றார். பின்னால் வந்த மாணவர்களும் மரியாதைக்கு நின்று ரசித்தார்கள். கிரிஜா காதுக்கு விஷயம் போனதும் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் லிண்டன் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். குட்டை முடி, குரல் மட்டும் ரயில்வே அறிவிப்பு மாதிரி. தராசில் நிற்கச் சொன்னார். முள் தொண்ணூற்று நாலில் நின்றது. இவர் உயரத்துக்கு இது இரண்டு பேர் எடை என்றார் டாக்டர். ரொட்டியைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், பீர் ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ் போதும். பீரை நிறுத்தச் சொல்வார் என்று பயந்துபோயிருந்த சந்திரமௌலிக்கு, அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கும்பிட்டும்விட்டார்.

அன்று மாலை வாசுதேவன் வந்தான். மியூனிக்கில் இரண்டு வருஷம் படித்துவிட்டு பானுக்கு மாறி வந்த என்ஜினியரிங் மாணவன். மாணவர் விடுதியில் ஒண்டிக்கட்டையாக இருந்ததால் ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் இவர்கள் வீட்டில்தான். என்ன சாப்பிட்டாலும் கொடிக்கம்பு மாதிரியே இருப்பவன். சந்திரமௌலியை அண்ணா என்றும் கிரிஜாவை மன்னி என்றும் கூப்பிடுவான். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் நேராக விடுதிக்குப் போய், மியூனிக்கிலிருந்து கொண்டுவந்த ஒரு கண்ணாடிக் குவளையோடு திரும்பினான். ஒரு லிட்டர் பிடிக்கும். கைப்பிடிக்குள் நாலு விரலும் தாராளமாகப் போகும்.

"ஒரு கிளாஸ்னுதானே அண்ணா சொன்னா? இதுவும் கிளாஸ்தான்."

சந்திரமௌலி அதை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தர்க்கத்தில் ஓட்டை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கிரிஜா அந்தக் குவளையை வாங்கிக்கொண்டு போய் அதில் புளி ஊறப்போட்டாள்.

பிறகு அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். வீட்டில் இனி பீர் கிடையாது. ஊருக்கு மேற்கே குன்றேறி, காட்டைத் தாண்டினால் லோர்பாக் என்று ஒரு கிராமம். அங்கே ஷ்மிட்ஸ் என்பவர் தன் வீட்டு நிலவறையிலேயே பீர் காய்ச்சி, மேலே கூடத்தில் ஊற்றிக் கொடுக்கிறார். அங்கே போய்க் குடிக்கலாம். ஆனால் நடந்து போக வேண்டும், நடந்தே திரும்ப வேண்டும். ஒரு கிளாஸ், அதுவும் அந்தப் பக்கத்து வழக்கப்படி நம் ஊர்க் காபி டம்ளரைவிடக் கொஞ்சம் உயரமான ஒல்லிக் கிளாஸ்.

"பஸ்ல போனேள்னா எனக்குத் தெரிஞ்சுடும்" என்றாள் கிரிஜா. "ஷூவைப் பார்ப்பேன்."

காட்டில் அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். உடம்பைக் குறையுங்கள் என்று நாடு முழுவதும் பிரசாரம். மரத்துக்கு மரம் பலகை அடித்து, இங்கே குதி, இங்கே தொங்கு, இங்கே காலைத் தூக்கு என்று படம் போட்டிருந்தார்கள். சந்திரமௌலி எந்தப் பலகையிடமும் முடியாது என்று சொல்லவில்லை. முதல் நாள் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போனவர், தொங்கச் சொன்ன இடத்தில் தொங்கியபோது கம்பி வளைந்துவிட்டது. அன்றிலிருந்து பலகைகளுக்கு ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொண்டார்.

ஆனால் குன்றின் மறுபக்கம் கிடைத்தது சாதாரணச் சமாசாரம் இல்லை. அதுவரை அவர் குடித்ததெல்லாம் தொழிற்சாலை பீர். பொன் நிறம், கண்ணாடித் தெளிவு, எந்த பாட்டிலைத் திறந்தாலும் ஒரே ருசி. ஷ்மிட்ஸின் பீர் கலங்கலாக, ஈர மண் நிறத்தில் இருந்தது. வடிகட்டுவதில்லை. ஒரு வாரம் கம்பு ரொட்டி வாசனை வரும், மறுவாரம் லேசாக நாரத்தை இலை மாதிரி ஒரு கசப்பு. குன்றேறி வந்த தாகத்தில் அந்தச் சின்னக் கிளாசை அவர் முதலில் முகர்ந்து, பிறகு சொட்டுச் சொட்டாக நாக்கில் உருட்டி, கண்ணை மூடிக் குடிப்பார். ஒரு கிளாசை வைத்துக்கொண்டு பாதி சாயங்காலத்தை ஓட்டும் மனிதரை லோர்பாக் பார்த்ததே இல்லை. இவ்வளவு கவனமாக என் பீரை யாரும் குடித்ததில்லை என்று ஷ்மிட்ஸ் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். பெரிய மீசையும் சிவந்த காதுகளுமாக இருந்த அந்த மனிதர், இந்திய டாக்டர் வருகிறார் என்றால் கிளாசைத் தானே துடைத்து வைப்பார்.

செப்டம்பர் வருவதற்குள் சந்திரமௌலியின் கால்சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. டாக்டர் அம்மாளின் தராசு எண்பத்தாறு காட்டியது. நல்லது, அக்டோபரில் மறுபடி வாருங்கள், திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அவர்.

அந்தச் சமயத்தில்தான் ஷ்மிட்ஸின் மதுச்சாலைக்கு நூறு வயது ஆயிற்று. கொண்டாட்டமாக ஒரு குலுக்கல் வைத்தார். ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு சீட்டு. பரிசு விழுந்த ஆளை ஊர்த் திருவிழா அன்று தராசில் உட்கார வைத்து, அவர் எடைக்கு எடை பீர் கொடுக்கப்படும். தபால்காரரின் எட்டு வயதுப் பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு வாளியிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். அதில் சந்திரமௌலியின் பெயர் இருந்தது.

அப்போது அவர் ஜன்னலோரம் கிளாசை முகர்ந்துகொண்டிருந்தார். ஊரே கை தட்டியது. ஷ்மிட்ஸும் தட்டினார். தட்டிக்கொண்டே பார்வையை இவருடைய தலையிலிருந்து மெல்ல இறக்கி, வயிற்றில் கொண்டுவந்து நிறுத்தினார். கைதட்டல் அத்தோடு நின்றுவிட்டது.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. திருவிழா ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமை டாக்டர் அம்மாளிடம் போக வேண்டும். அந்த மூன்று வாரம் சந்திரமௌலியின் உடம்பு அவருக்கே சொந்தமாக இல்லை.

வாசுதேவன்தான் முதலில் வேலையை ஆரம்பித்தான். ஒரு கிலோ எடை என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் பீர் என்று கணக்குப் போட்டு, பானில் இருந்த தமிழ் மாணவர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டான். அண்ணா எவ்வளவு பருக்கிறாரோ அவ்வளவும் எல்லோருக்கும் லாபம். விடுதிச் சமையலறையில் தினமும் மத்தியானம் சந்திரமௌலிக்காக அடுப்பு எரிந்தது. உருளைக்கிழங்கு ரோஸ்ட், நெய் விட்டுப் பிசைந்த பருப்பு சாதம், மேலே கெட்டித் தயிர், கடைசியில் இரண்டு வாழைப்பழம். அத்தனை பேர் பாசத்தோடு சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? சாப்பிட்டார்.

கிரிஜாவுக்கு இது தெரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. சட்டையில் நெய் வாசனை வந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் குன்றை ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை ஏறி இறங்கும்படி சொன்னாள். அவளிடமும் அவரால் முடியாது என்று சொல்ல இயலாது. ஏறி இறங்கினார்.

மூன்றாவது கட்சி ஷ்மிட்ஸ். இதுவரை கிளாசைத் துடைத்துத் தந்த மனிதர், திடீரென்று இவருடைய இருதயத்தைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். என் மாமா ஒருவர் உங்களை மாதிரிதான் இருந்தார், என்று ஆரம்பித்து, மாமாவை எப்படிப் புதைத்தார்கள் என்பதுவரை சொன்னார். பீரோடு உப்புப் பிஸ்கட் வைப்பதை நிறுத்தி வெள்ளை முள்ளங்கி வைத்தார். ஒரு நாள் கிளாசை ஊற்றிவிட்டு, குடிப்பதற்கு முன்னால் நாம் இருவரும் தோட்டத்தைச் சுற்றி வருவோமா என்றார். சுற்றினார்கள். ஷ்மிட்ஸ் வேகமாக நடந்தார். திரும்பி வந்தபோது நுரை அடங்கியிருந்தது.

இப்படி மூன்று பேருக்கும் நல்ல பிள்ளையாக, மத்தியானம் பருத்து, சாயங்காலம் இளைத்து, இடையில் முள்ளங்கியும் தின்று சந்திரமௌலி மூன்று வாரத்தைக் கடத்தினார். ராத்திரி படுக்கையில், தான் என்னவாக ஆக வேண்டும் என்று உண்மையிலேயே தெரியவில்லை என்று மனைவியிடம் சொன்னார். நீங்க ஒண்ணும் ஆக வேண்டாம், தூங்குங்கோ என்றாள் அவள்.

திருவிழா அன்று நல்ல குளிர். சர்ச்சுக்கு முன்னால் இருந்த மைதானத்தில் பாண்டு வாத்தியம் முழங்கியது. நடுவில் உருளைக்கிழங்கு நிறுக்கும் பெரிய மரத் தராசு. ஒரு பக்கத் தட்டில் பூ சுற்றிய நாற்காலி, எதிர்த் தட்டில் நாற்காலிக்கு ஈடாக எடைக்கல். நடுவராக ஊர்த் தலைவரும் தீயணைப்புப் படைத் தலைவரும் விறைப்பாக நின்றார்கள். தமிழ் மாணவர்கள் யாரிடமோ இரவல் வாங்கிய தள்ளுவண்டியோடு ஓரத்தில் காத்திருந்தார்கள்.

சந்திரமௌலி, கணுக்கால்வரை நீண்ட ஒரு கம்பளிக் கோட்டில் வந்தார். அவருடையது இல்லை. காலையில் வாசுதேவன் குளிருக்கு இதமாக இருக்கும் என்று மாட்டிவிட்டது. அவர் நடந்து வந்த விதம் கிரிஜாவுக்கே விசித்திரமாக இருந்தது. ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த காலைப் பற்றி யோசித்தார்.

ஷ்மிட்ஸ் பெரிய மனிதராக முன்னால் வந்து, கோட்டைக் கழற்ற உதவுகிறேன் என்றார். இவர் வேண்டாம், குளிர்கிறது என்று முனகினார். அவர் விடவில்லை. பின்னால் நின்று தோளிலிருந்து கோட்டை உருவி, பணிவோடு தன் கையில் வாங்கிக்கொண்டார். வாங்கிய வேகத்தில் கோட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாண்டு நின்றது. தீயணைப்புத் தலைவர் வந்து கோட்டுப் பைகளைத் திறந்து பார்த்தார். தகர டப்பா டப்பாவாக வந்தது. ஒவ்வொன்றிலும் ஆய்வுக்கூடத்து முத்திரை, உள்ளே மண். சந்திரமௌலியின் சொந்த மாதிரி மண், அவருடைய அலமாரியிலிருந்து வாசுதேவன் எடுத்தது. இது என்ன என்று ஊர்த் தலைவர் கேட்டார்.

சந்திரமௌலிக்குப் பொய் சுலபமாக வராது. நான் மண் ஆராய்ச்சி செய்கிறவன் என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான். ஊர்த் தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆராய்ச்சி பிறகு நடக்கட்டும் என்றார். மைதானமே சிரித்தது. வாசுதேவன் தள்ளுவண்டிக்குப் பின்னால் குனிந்து சக்கரத்தைப் பரிசோதித்தான்.

இதற்குப் பிறகு ஷ்மிட்ஸ் யாரையும் நம்பவில்லை. ஷூவைக் கழற்றச் சொன்னார். கடிகாரம், கண்ணாடி, சட்டைப் பையிலிருந்த பேனா, எல்லாம் போயிற்று. கடைசியில் பெல்ட்டையும் சுட்டிக்காட்டினார். அந்தப் பெல்ட்தான் இளைத்த உடம்பில் பழைய கால்சட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதையும் உருவிக் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, பூ சுற்றிய நாற்காலியில் போய் உட்கார்ந்தார் சந்திரமௌலி. கண்ணாடி இல்லாததால் சிரிக்கிறவர்கள் யார் என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் பொதுவாகப் புன்னகை செய்தார்.

ஷ்மிட்ஸின் ஆட்கள் எதிர்த் தட்டில் பீர்ப் பெட்டிகளை அடுக்கினார்கள். கனமான மரப்பெட்டி, அதற்குள் தடித்த கண்ணாடி பாட்டில்கள். நாலாவது பெட்டியிலேயே தட்டு ஆட ஆரம்பித்துவிட்டது. ஐந்தாவதை வைத்ததும் சந்திரமௌலி மெதுவாக மேலே எழும்பினார். அவ்வளவுதான் என்று ஷ்மிட்ஸ் கையைத் தட்டினார். அவர் முகத்தில் மூன்று வாரமாக இல்லாத நிம்மதி.

கிரிஜா அதுவரை கையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தில் நின்றிருந்தாள். வாசுதேவன்மேல் அவளுக்கு அளவில்லாத கோபம். கணவர் எடை கூடினால் அவளுக்கு நஷ்டம், பீர் அதிகமாகக் கிடைத்தால் அதைவிட நஷ்டம். வாயைத் திறக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் ஆண்டு முழுக்க நிறுத்து நிறுத்துப் பழகிய கண், காலைத் தொங்கப்போட்டு அந்தரத்தில் உட்கார்ந்திருக்கும் கணவரை ஒரு தரம் பார்த்தது, எதிரே இருந்த பெட்டிகளை ஒரு தரம் பார்த்தது. அதற்கு மேல் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. புடவைக்கு மேல் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு தராசுக்குப் பக்கத்தில் போனாள்.

அவளுடைய ஜெர்மன் மெதுவானது, ஆனால் இலக்கணம் தவறாது. ஊர்த் தலைவரைப் பார்த்துக் கேட்டாள்:

"என் கணவர் கோட்டைக் கழற்றிவிட்டார். ஷூவைக் கழற்றிவிட்டார். பெல்ட்டைக்கூடக் கழற்றிவிட்டார். பீர் மட்டும் ஏன் எல்லாவற்றையும் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது?"

முதலில் ஒரு கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி சிரித்தாள். அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. பாண்டுக்காரர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே ஊதியதில் குழலிலிருந்து குதிரைச் சத்தம் வந்தது.

ஷ்மிட்ஸ் காது இன்னும் சிவந்து, பீர் என்றால் பாட்டிலோடுதான் என்று வாதாடினார். எடைக்கு எடை பீர் என்று அறிவித்தீர்களா, எடைக்கு எடை கண்ணாடி என்று அறிவித்தீர்களா என்று கிரிஜா திரும்பக் கேட்டாள். ஊர்த் தலைவரும் தீயணைப்புத் தலைவரும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். பாதிரியாரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். முடிவு கிரிஜா பக்கம் வந்தது. பெட்டிகளை இறக்க வேண்டும். ஒரு காலிப் பீப்பாயை முதலில் நிலவறைத் தராசில் வெறுமையாக நிறுத்து, அந்த அளவுக்கு எடைக்கல்லை நாற்காலிப் பக்கம் வைக்க வேண்டும். பிறகு அதில் பீரை நிரப்பி எதிர்த் தட்டில் ஏற்ற வேண்டும். அது போதாவிட்டால் இன்னொரு பீப்பாய்.

இதற்கு மத்தியானம் முழுவதும் பிடித்தது. நிலவறையிலிருந்து பீப்பாய் உருண்டு வந்தது, உருண்டு போனது. சந்திரமௌலி மட்டும் நாற்காலியை விட்டு இறங்கக் கூடாது என்று தீயணைப்புத் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இறங்கினால் என்ன செய்வாரோ யார் கண்டது. குளிரில் உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு அம்மாள் பரிதாபப்பட்டுச் சுடச்சுட உருளைக்கிழங்கு அடை ஒன்றை நீட்டினாள். நிறுவை முடியும்வரை அவருக்கு யாரும் எதுவும் ஊட்டக் கூடாது என்று ஷ்மிட்ஸ் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து கத்தினார். நாற்காலிக்குப் பின்பக்கமாகத் தவழ்ந்து வந்து முறுக்கு மாதிரிப் பின்னிய ஒரு ரொட்டியைச் சந்திரமௌலியின் மடியில் வைக்கப் பார்த்த வாசுதேவனை, தீயணைப்புத் தலைவருக்கு முன்னால் கிரிஜாவே பிடித்துவிட்டாள்.

"மன்னி, நீங்க எந்தக் கட்சி?" என்று அவன் பாவமாகக் கேட்டான்.

"தராசு கட்சி" என்றாள் அவள்.

கடைசியில் தட்டு இரண்டும் சமமாக நின்றபோது, எண்பத்தாறு கிலோ பீர், உடை எதுவும் இல்லாமல். பாட்டிலில் கிடைத்திருக்கக்கூடியதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஊர் ஆரவாரித்தது. ஷ்மிட்ஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து கிரிஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படித் தோற்றதில் தனக்கு வருத்தமில்லை என்றார். முகம் வேறு மாதிரி சொன்னது.

வாசுதேவன் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ஓடிவந்தான். கிரிஜா கையைக் காட்டி நிறுத்தினாள். வடிகட்டாத பீர் எத்தனை நாள் தாங்கும் என்று ஷ்மிட்ஸிடம் கேட்டாள். குளிர்ந்த நிலவறையில் இல்லாவிட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது என்றார் அவர். அப்படியென்றால் இது இங்கேயே இருக்கட்டும் என்றாள் அவள். இந்த பீரை நீங்களே விற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக இவர் நடந்து வரும் போதெல்லாம் அன்றன்றைய புது பீரில் ஒரு கிளாஸ் கொடுங்கள், இந்த அளவு தீரும்வரை. ஒரு கிளாஸ்தான். நடந்து வந்தால்தான்.

ஷ்மிட்ஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் இந்தத் தடவை இரண்டு கையாலும் குலுக்கினார். முகமும் ஒத்துழைத்தது.

"எங்களுக்கு?" என்றான் வாசுதேவன்.

நடந்து வருகிறவர்கள் எல்லோரும் குடிக்கலாம் என்றாள் கிரிஜா. மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குன்றைப் பார்த்தார்கள். அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு தடவை கூட்டமாக ஏறி வந்தார்கள். வாசுதேவன் கூடத்துப் பெஞ்சில் மல்லாந்து படுத்து, வாசனை போதும் அண்ணா என்றான். அதன் பிறகு யாரும் வரவில்லை.

இதற்கெல்லாம் நடுவே சந்திரமௌலி இன்னும் நாற்காலியில்தான் இருந்தார். பெல்ட்டை யாராவது கொடுத்தால் இறங்கலாம் என்று பொதுவாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை டாக்டர் அம்மாளின் தராசில் ஏறினார். எண்பத்தாறு. போன தடவையைவிட ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. டாக்டர் முள்ளைத் தட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை நாளாக ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்டார்.

"ஒன்றுமே ஆகாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது, டாக்டர்" என்றார் சந்திரமௌலி.

பிறகு உட்கார்ந்து, உருளைக்கிழங்கு ரோஸ்டிலிருந்து பீப்பாய்வரை எல்லாவற்றையும் சொன்னார். வெளியே காத்திருந்த நோயாளிகளுக்கு டாக்டர் அறைக்குள்ளிருந்து அந்த ரயில்வே குரலில் சிரிப்புக் கேட்டது. முள்ளங்கியை மட்டும் தொடரலாம் என்று எழுதிக் கொடுத்தார் அவர்.

குளிர்காலம் முழுவதும் சந்திரமௌலி குன்றேறினார். பனி பெய்தாலும் நிற்கவில்லை. பரிசு பீர் காத்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் உட்கார்ந்திருப்பது ஷ்மிட்ஸின் மனதை நோகடிக்கும் என்பது அவர் எண்ணம். டிசம்பரில் கறுத்த பீர் வந்தது, காபிக்கொட்டை வறுத்த மணத்தோடு. ஜனவரியில் கொஞ்சம் புகை வாசனை. எடை எண்பதுக்குக் கீழே இறங்கிற்று. கிரிஜா கால்சட்டைகளைப் பிடித்துத் தைத்தாள். அவள் தினமும் காட்டு எல்லைவரை கூட வந்து, அங்கிருந்து திரும்பிவிடுவாள். அந்தக் கூடத்துக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

பிப்ரவரியில் அவருக்குச் சளி பிடித்துக் காய்ச்சலும் வந்தது. எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. கிரிஜா மிளகு ரசம் வைத்துக் கொடுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, மூக்கில் தைலம் தடவினாள். பிறகு அவள் கம்பளிச் சட்டையும் பூட்சும் போடுவதைப் பார்த்து, எங்கே என்று கேட்டார். கடைக்கு என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பினாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. பூட்சை வாசலில் தட்டியபோது பனியோடு காட்டுச் சருகும் உதிர்ந்தது. சந்திரமௌலி தலையணையில் நிமிர்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லோர்பாக் போனியா?"

"ஆமாம்."

"எதுக்கு?"

அவள் கையுறையைக் கழற்றி ஹீட்டர்மேல் காயப்போட்டாள். இன்றைக்குப் புதுசாக ஒரு பீப்பாய் திறக்கிறார்கள் என்று போன வாரம் இவரே சொன்னாராம். யாரும் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்றாள்.

அவமானமா, பொறாமையா, சந்தோஷமா என்று அவருக்கே புரியவில்லை. மூக்கு அடைத்திருந்ததால் குரல் பரிதாபமாக வந்தது.

"எப்படி இருந்தது?"

கிரிஜா யோசித்தாள். ஒரு அளவைச் சொல்வதற்கு முன்னால் ஆய்வுக்கூடத்தில் எப்படி யோசிப்பாளோ அப்படி.

"முதல்ல கசப்பு. அப்புறம் ஏதோ பொரிமாவு வாசனை. கடைசி வாய்தான் நன்னா இருந்தது, அதுக்குள்ள தீர்ந்துபோச்சு."

மறுநாள் காலையில் அவருக்குக் காய்ச்சல் இல்லை. தானே எழுந்து, அலமாரியைத் திறந்து, தன் பூட்சைத் தேட ஆரம்பித்தார்.